சுவருக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டு அடுக்களையில் ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு மூலை இருக்கிறது. அதற்கு மாவு மூலை என்று பேர். வைத்தது நான்தான். பர்மாவில், தின்கன்ஜூனில் இந்த வீட்டைக் கட்டியபோது என் வீட்டுக்காரர் அந்த மூலையில் சுவரோடு சேர்த்து ஒரு சிமெண்டுப் பலகை போட்டுக் கொடுத்தார். அன்று முதல் நான் அரைக்கிற மாவு அங்கேதான் பொங்கும். வேறு ஒரு சாமானை அங்கே வைக்க விடமாட்டேன். ஒரு நாள் மருமகள் அவளுடைய போனை அந்தப் பலகையில் வைத்துவிட்டாள். நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்குங்க அத்தே, செருப்போட கோயிலுக்குள்ள வந்துட்டேன்" என்றாள்.

கிண்டல்தான். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டாள்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டு போவேன்.

என் மாவு தெருமுனைத் தோசைக் கடைக்குப் போகிறது. கடைக்காரி பர்மியப் பெண். அவளுடைய அம்மா கடை வைத்திருந்த காலத்திலேயே மாவு என்னுடையது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற வாத்தியார்கள், கிளார்க்குகள், கடையைத் திறக்கப் போகிறவர்கள் எல்லாம் அங்கே நின்றுதான் சாப்பிடுவார்கள். தோசைக்குள் அவித்த பட்டாணி, முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் போட்டு மடித்துக் கொடுப்பாள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, இது தோசையா என்றார். மேலே அவள் என்ன வேண்டுமானாலும் தூவட்டும், அடியில் இருப்பது என் மாவு என்று சொன்னேன். அவர் ரெண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏர்ப்போர்ட்டுக்குப் போனார்.

இப்படிப்பட்ட மாவு புளித்துப்போனது. அந்தக் கதைதான் இது.

போன மழைக்காலத்தில் என் மகன் வெந்நீர் ஹீட்டர் ஒன்று வாங்கி மாட்டினான். என் முழங்காலுக்காக என்றான். எனக்கு எதற்கு, பச்சைத் தண்ணீரில் குளித்தே இத்தனை வயது வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் கரண்ட் முறைபோட்டுத்தான் வருகிறது. வரும்போது தெருவே "மீ லாபி" என்று கத்தும். வெளிச்சம் வந்தாச்சு என்று அர்த்தம். உடனே ஒருத்தி சோறு வைப்பாள், ஒருத்தன் மோட்டார் போடுவான், நான் கிரைண்டரில் உளுந்தைப் போடுவேன். அதனால் மகன் பெரிய பீப்பாய் மாதிரி இருக்கிற ஹீட்டராகப் பார்த்து வாங்கினான். கரண்ட் இருக்கும்போது தண்ணீரைக் காய்ச்சி வைத்துக்கொள்ளும், போன பிறகும் சூடு ஆறாது. அதை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினான். அங்கிருந்து ஒரு குழாய் கீழே என் குளியலறைக்கு வந்தது. இன்னொன்று மாவு மூலைச் சுவருக்குள் ஏறி, மாடியில் அவனும் மருமகளும் குளிக்கிற இடத்துக்குப் போனது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கி வருகிற குழாயும் அதே சுவருக்குள்தான் இருக்கிறது.

வெந்நீர் முழங்காலுக்கு இதமாகத்தான் இருந்தது. அதை நான் மகனிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் மாவு சரியில்லாமல் போனது. முதல் நாள் லேசான வாடை. அடுத்தடுத்த நாள் பானை வழிந்து பலகையெல்லாம் நுரை. நான் உளுந்துக் கடைக்காரரைத் திட்டினேன். கடையை மாற்றினேன். உப்பைக் குறைத்தேன். வெந்தயத்தை நிறுத்தினேன். அதற்குள் ஒரு நாள் காலை, கடைக்காரி அடுப்பை விட்டுவிட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். என்னை அவள் அடோ என்று கூப்பிடுவாள். பர்மியத்தில் பெரியம்மா என்கிற மாதிரி. அவள் பர்மியத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அடோ, மாவுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?"

"ஏன் கேக்கறே?"

"சாப்பிட வர்றவங்க கேக்கறாங்க. ஒருத்தர் தோசையை வாயில வச்சிட்டு ஒரு கண்ணை மூடிக்கிட்டாரு. பஸ் வந்தது கூட அவருக்குத் தெரியலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் மாவைப் பற்றி அல்லவா சொல்கிறாள், சிரிக்கவில்லை.

அவள் வந்தது அதற்கு மட்டும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து புத்த பிக்குகளுக்குக் காவி வஸ்திரம் தானம் கொடுப்பார்கள். அன்றைக்குத் தெருவுக்கே சாப்பாடு. ஒவ்வொரு வீடும் ஒவ்வொன்று செய்யும். கடைக்காரி தோசை. அவளுடைய அம்மா காலத்திலிருந்து அந்தத் தோசைக்கு மாவு நான்தான் கொடுக்கிறேன். இந்துவோ புத்தமோ, அந்த ஒரு நாள் என் மாவு தெரு முழுக்கப் போகும்.

"பிக்குகளுக்குப் புளிச்ச தோசை போட்டா எனக்குப் புண்ணியம் வராது அடோ" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "மார்க்கெட்ல பாக்கெட் மாவு விக்கிறாங்க. உங்க மாவு அதுக்குள்ள சரியாகலைன்னா, இந்த வருஷம் அதை வாங்கிக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

பாக்கெட் மாவு. கோபம் இல்லை என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தினதும் மருமகளிடம் சொன்னேன், நான் உயிரோடு இருக்கும்போது இந்தத் தெருவில் பாக்கெட் மாவில் தோசை ஊற்றுகிறதா என்று. அவள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், டீச்சர்.

"பானையை வேற இடத்துல வச்சுப் பாருங்களேன் அத்தே" என்றாள்.

எனக்கு மனசில்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தேன். முன்னறையில் வைத்தால் எறும்பு. என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், எங்கள் வீட்டுப் பூனை உள்ளே போய் மூடியைத் தட்டிவிட்டு, மீசையெல்லாம் மாவாக வெளியே வந்தது. மாடிக்குத் தூக்கிப் போக என் முழங்கால் சம்மதிக்கவில்லை. கடைசியில் பானை பழைய இடத்துக்கே வந்தது.

அந்தப் பூனைக்கு மழையில் நனைந்துவிட்டு வந்தால் அடுப்புப் பக்கம் போய்ப் படுப்பதுதான் வழக்கம். ஒரு நாள் பார்க்கிறேன், மாவு மூலையில் பலகைக்குக் கீழே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு காய்கிறது. விரட்டுவதற்காகக் குனிந்தபோது சுவரில் கை ஊன்றினேன். சுவர் சுட்டது. காய்ச்சல்காரனுடைய நெற்றி மாதிரி.

"இங்க வா" என்று மருமகளைக் கூப்பிட்டேன். "சுவத்துக்குக் காய்ச்சல் அடிக்குது."

அவள் தொட்டுப் பார்த்தாள். போய் ஹீட்டர் சுவிட்சைப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. அது மட்டுமா, தெருவிலேயே கரண்ட் இல்லை.

"சுவிட்ச் ஆஃப், கரண்டும் இல்லை, அப்புறம் எப்படி அத்தே சுடும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்."

எனக்குப் பாதி நிம்மதி. குற்றம் என் கையில் இல்லை, உளுந்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. பழைய உளுந்துக் கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். திட்டினது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

குழாய் வேலைக்கு எங்களுக்கு எப்போதும் வருகிற பாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தா காயல்பட்டினத்திலிருந்து வந்தவராம். பாய் இங்கேயே பிறந்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். வேலையை விடப் பேச்சு அதிகம். அவரைக் கூப்பிட்டனுப்பினேன்.

பாய் சுவரைத் தொட்டார். கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். "வெயிலும்மா" என்றார்.

"பாய், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவரு. சூரியன் இந்தச் சுவத்தைப் பாத்தே பல வருஷம் ஆச்சு."

"அப்ப ஹீட்டர்ல இருக்கிற சூட்டுக் கட்டுப்பாடு போயிருக்கும். தண்ணியை ரொம்பக் காய்ச்சுது."

அதை மாற்றினார். சுவர் சுட்டது. அப்புறம், பீப்பாயின் சூடு படிக்கட்டு வழியாகப் பரவுகிறது என்று சொல்லிப் பழைய கம்பளியைக் கேட்டு வாங்கிப் பீப்பாய்க்குச் சுற்றினார். குளிருக்கு நடுங்குகிற கிழவன் மாதிரி அது படிக்கு அடியில் நின்றது. சுவர் முன்னைவிட நன்றாகச் சுட்டது. மூன்றாவது தடவை வந்து, பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு வால்வு லூசாக இருக்கிறது, இதுதான் என்று புதிதாக மாட்டினார்.

"கரண்ட் இல்லாத ஹீட்டர் எப்படிம்மா சூடு பண்ணும், எனக்கே புரியலை" என்று டீயைக் குடித்துக்கொண்டு சொன்னார். "நீங்க அந்தப் பக்கம் சாமிக்கு எதாச்சும் வேண்டிக்கிட்டீங்களா?"

"வேண்டிக்கிட்டா இட்லி பொங்கும், சுவரு பொங்காது" என்றேன்.

வால்வு மாற்றின மறுநாள் என் மகன் ஆபீஸ் வேலையாக மோல்மேனுக்குப் போனான். அவனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு ஆபீசில் வேலை. அவன் போன அன்றே சுவர் குளிர்ந்தது. மாவு அழகாகப் பொங்கி, பானையின் கழுத்தோடு நின்றது. பழைய வாசனை வந்தது. நான் பாய்க்கு ஒரு தூக்குச்சட்டி இட்லி அனுப்பினேன். கடைக்காரி தோசைக் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தெருவில் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், முழங்கால் வலியோடும்.

மகன் திரும்பி வந்தான். மறுநாள் காலை பானை வழிந்து பலகையெல்லாம் நுரை. சுவர் கொதித்தது.

தானத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தெருவில் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. நான் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். காரணத்தை வீட்டுக்கு வெளியே எங்கேயும் தேட வேண்டாம் என்று தோன்றியது. பாயைக் கூப்பிட்டு, நான் பார்த்ததைச் சொன்னேன்.

"பாய், நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. என் மகன் ஊருக்குப் போனா சுவரு குளிருது. வீட்டுக்கு வந்தா சுவரு காயுது."

சிரிக்கத்தான் சிரித்தார். "பெத்த பாசம் கேள்விப்பட்டிருக்கேன். சுவத்துக்கும் உங்க மகன் மேல பாசமா?" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். டீ கிளாசைக் கீழே வைத்தார். "அவர் குளிக்கிறது மாடியிலதானே?" என்று கேட்டுவிட்டுப் படியேறினார். மருமகளும் பின்னால் போனாள். கடைசியில் நானும் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறினேன். பெரிய விஷயம் நடக்கப் போகிறது, கீழே நின்று என்ன செய்ய?

மாடியில் ஷவருக்கு ரெண்டு திருகு. ஒன்று வெந்நீருக்கு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு. ரெண்டும் சேர்ந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கையில் பிடிக்கிற ஷவருக்கு வரும். அந்தக் கைப்பிடியில் ஒரு பொத்தான். பாய் பார்த்தபோது ரெண்டு திருகும் திறந்திருந்தது. பொத்தானை அமுக்காததால் தண்ணீர் மட்டும் வரவில்லை. திருகுகளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ரெண்டு கோடு.

"இது என்னோட நகப்பாலிஷ்" என்றாள் மருமகள். "இங்கதான் போச்சா?"

மகனைக் கேட்டோம். அவனுக்கு அதில் பெருமை. கரண்ட் இல்லாத நேரத்தில்தான் அவன் ஆபீஸ் விட்டு வந்து குளிப்பது. இருட்டில் சோப்பு நுரையோடு எந்தத் திருகு எது என்று தடவித் தடவி, ஒரு நாள் கொதிக்கிற தண்ணீர் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த சூட்டுக்கு ரெண்டையும் திருப்பி வைத்து, கோடு போட்டு வைத்துவிட்டானாம். பிறகு திருகுகளைத் தொடுவதே இல்லை. பொத்தானை அமுக்கினால் தண்ணீர், விட்டால் நிற்கும்.

"ஒரு தடவை சரியா வச்சா போதும்மா. எதுக்குத் தினம் திருகணும்?" என்றான்.

மருமகள் தினமும் விடியுமுன் இருட்டில், அவன் வைத்தபடியே பொத்தானை மட்டும் அமுக்கிக் குளித்துவிட்டு ஓடுகிறவள். அவன் மோல்மேனுக்குப் போனபோது, ஆள் இல்லையே என்று எல்லாத் திருகையும் இறுக்கி மூடியிருக்கிறாள். வகுப்பறைக் கதவைச் சாத்துகிற பழக்கம். ஊரிலிருந்து வந்த அன்று அவன் மறுபடியும் கோடு பார்த்துத் திறந்து வைத்திருக்கிறான்.

பாய் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சூடான தண்ணீருக்கு மேலே ஏறுகிற குணம் உண்டாம். பீப்பாயிலிருந்து வெந்நீர் சுவருக்குள் இருக்கிற குழாயில் மாடிக்கு ஏறுகிறது. அங்கே ஷவர் மூடியிருக்கிறது. ஆனால் ரெண்டு திருகும் திறந்திருப்பதால் நடுவில் வழி கிடைக்கிறது. வெந்நீர் அப்படியே பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, ஆறிக்கொண்டே கீழே இறங்கி, திரும்பப் பீப்பாய்க்கே வந்து சேருகிறது. மறுபடி சூடாகி ஏறுகிறது. சுவிட்சை அணைத்தாலும் பீப்பாயில் சூடு இருக்கிற வரைக்கும் இந்தச் சுற்று நிற்காது. கரண்டோ மோட்டாரோ அதற்குத் தேவையில்லை.

"உங்க சுவத்துக்குள்ள தேர் ஓடிட்டிருக்கும்மா" என்றார் பாய். "யாரும் இழுக்காத தேர்."

"அந்தத் தேரு என் மாவைச் சுத்தித்தான் ஓடணுமா?" என்றேன்.

திரும்பிப் போகாதபடி தடுக்கிற வால்வு ஒன்று இருக்கிறது, அதைத் தேடி வாங்கி வந்து மாட்டுகிறேன் என்றார். எங்கள் பக்கத்துக் கடையில் இல்லை, டவுனில் சொல்லி வைக்க வேண்டும், தானத்துக்கு முன்னால் வராது. அதுவரை திருகு ரெண்டையும் மூடி வைத்தால் போதும்.

மகன் முகம் சுருங்கினது. "அப்ப இருட்டுல என்ன பண்றது?"

"நான் இருட்டுலதான் உன்னைக் குளிப்பாட்டினேன்" என்றேன். "உனக்கு ஒண்ணும் ஆகலை."

மருமகள் பாட்டரி விளக்கு ஒன்றை ஆணியில் மாட்டிக் கொடுத்தாள். நகப்பாலிஷ் புதிதாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

தானத்துக்கு முந்தின நாள் மத்தியானம் "மீ லாபி" சத்தம் கேட்டதும் அரைக்கத் தொடங்கினேன். மூன்று பெரிய பானை. பலகையில் இடம் போதாமல் ஒன்றைக் கீழே வைத்தேன். மகன் ஆபீசிலிருந்து வந்து குளிக்கப் போனான். நான் படிக்குக் கீழே நின்றேன்.

"மூடினியா?"

"மூடிட்டேன்மா."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தாம்மா. வந்து பாக்கறீங்களா?"

சுவரில் கை வைத்தேன். சாதாரணமாக இருந்தது. சோறு சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி வைத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவிவிட்டு ஒரு தடவை.

"தெர்மாமீட்டர் எடுத்துட்டு வரட்டுமா அத்தே?" என்றாள் மருமகள். அவளும் என் பின்னால் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

காலையில் மூடியைத் திறந்தேன். மூன்று பானையும் ஒரே மாதிரி, மேலே மெல்லிய குமிழ், உள்ளே பஞ்சு. கரண்டி விட்டுத் தூக்கினால் மெதுவாக விழுந்தது. வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிய வேண்டியது எனக்கில்லையே. சுவர் கதையெல்லாம் என்னிடம் கேட்டிருந்த கடைக்காரி பந்தலில் கல்லைக் காயவைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பை. அதற்குள் பாக்கெட் மாவு என்று மூடி வைத்த விதத்திலேயே தெரிந்தது. முன்யோசனைக்காரி. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு விரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு தோசை ஊற்றினாள். பட்டாணியோ கோஸோ எதுவும் போடாமல் வெறும் தோசை. பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு காலால் அந்தப் பையை மேசைக்கு அடியில் உள்ளே தள்ளினாள்.

"சுவருக்குக் குணமாயிடுச்சா அடோ?"

"ஆயிடுச்சு மகளே. ஊத்து, பிக்குகள் வர்றாங்க."

அன்றைக்குத் தெரு முழுக்கச் சாப்பிட்டது என் மாவு. வயசான பிக்கு ஒருவர் ரெண்டாவது தோசையும் வாங்கிக்கொண்டார். யாரும் ஒரு கண்ணை மூடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மார்கழி வந்தது. எங்கள் ஊரில் பெரிய குளிர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாவுக்கு அது போதும். காலையில் மூடியைத் திறந்தால் பானையில் வைத்த மட்டத்திலேயே கல்லு மாதிரி கிடக்கும். வருஷா வருஷம் இந்தத் தொல்லைதான். பானைக்குச் சாக்கு சுற்றுவேன், அடுப்புப் பக்கம் நகர்த்துவேன், பாதி நாள் கடைக்காரி தோசை கனமாக இருக்கிறது என்பாள். இந்த வருஷமும் சாக்கைத் தேடி எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றேன். சுவரைப் பார்த்தேன்.

மாடிப்படிக்குக் கீழே வந்து மகனைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, மூடிட்டேன். ரெண்டையும் மூடிட்டேன்" என்று கேட்காமலே பதில் வந்தது.

"அதைத் திற."

"எதை?"

"ரெண்டையும். உன் கோட்டுக்குத் திறந்து வச்சுட்டு வா. கொஞ்ச நேரம் கழிச்சு நான் சொல்றேன், அப்ப மூடு."

மேலே திருகு கிரீச்சென்றது. அப்புறம் மருமகளுடைய சிரிப்பு கேட்டது.

சுவர் லேசாகச் சூடேறியதும் மூடச் சொன்னேன். மறுநாள் மாவு ஐப்பசியில் பொங்குகிற மாதிரி பொங்கியிருந்தது. இப்போது எனக்கு அளவு தெரிந்துவிட்டது. ரொம்பக் குளிர்கிற நாளில் அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், மற்ற நாளில் அதில் பாதி நேரம். பூனையும் பலகைக்குக் கீழே வந்து படுத்துக்கொள்கிறது. மீசையில் மாவு ஆகாத வரைக்கும் படுக்கட்டும்.

போன வாரம் பாய் வந்தார். டவுனிலிருந்து அந்த வால்வு வந்துவிட்டது, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சுவரைக் கொஞ்சம் உடைத்தால் மாட்டிவிடலாம், பிறகு ஒரு சொட்டு வெந்நீர் கூடத் திரும்பி வராது என்றார்.

"வேண்டாம் பாய்" என்றேன்.

"ஏம்மா, கஷ்டப்பட்டுத் தேடி வாங்கினேனே."

"இந்தச் சுவத்துக்கு ஒண்ணும் இல்லை. உக்காருங்க, இட்லி சாப்பிடுங்க."

உட்கார்ந்தார். ஒரு இட்லியைப் பிட்டார், உள்ளே பார்த்தார், சுவரைப் பார்த்தார். எழுந்து போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வால்வைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார்.